கிறவல் பாதையில் ஆறாம் நாள்

2023 நவம்பர் 18, சனிக்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழும்பினேன். முகம் மழித்து, குளித்து, சுவாமிப் படத்துக்கு விளக்கேற்றித் திருநீறு பூசினேன். சீனி வருத்தத்துக்கான சலரோகக் குளிசையைப் போட்டுக்கொண்டு, குசினிக் கதவைச் சாத்திவிட்டு, இரண்டு துண்டு பாணும் சீனி போடாத தேநீரும் நின்றபடியே எடுத்தேன். கந்தசஷ்டியின் ஆறாம் நாள் அது. மனைவியும் மகளும் ஐந்து நாளாக இரவில் மட்டும் பாலும் பழமும் எடுத்து விரதம் இருந்தார்கள். ஆறாம் நாள் அதுவும் இல்லை, தண்ணீர் மட்டும். நோய்க்காரனுக்கு விரதம் கட்டாயமில்லை என்றாலும் விரதக்காரருக்கு முன்னால் வாய் அசைப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தேன். கொடியில் காய்ந்த உடுப்புகளை எடுத்து மடித்து அவரவர் அலுமாரித் தட்டில் வைத்தேன். கீழே ஒழுங்கையில் பல்லாரோ சந்தைக்குப் பெட்டி இழுக்கும் சத்தம் தொடங்கியிருந்தது.

மற்றச் சனிக்கிழமைகளில் எட்டு மணிக்கு நான் வேலை செய்யும் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் நிற்பேன். படுக்கை விரிப்புகளை மாற்றுவது, வெள்ளிச் சாமான்களைத் துடைப்பது, அவருடைய மருந்துப் பெட்டியை வாரத்துக்கு அடுக்குவது. அன்று மட்டும் விடுப்புக் கேட்டிருந்தேன். நாட்குறிப்பில் அந்தத் தேதிக்குக் கீழே ‘மச்சானுடன் சைக்கிள்’ என்று முதல் நாளே எழுதிவைத்திருந்தேன். அந்தச் சவாரியில்தான் என் மகளின் கலியாணம் முடிவாக இருந்தது.

மச்சான் என்று நான் சொல்வது மனைவியின் மூத்த சகோதரனை. எங்கள் குடும்பத்தில் ஊரிலிருந்து இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு, முதலில் வந்தவர் அவர். நான் வந்த காலத்தில் அல்பெர்கேரியாவில் அவருடைய ஓரறையில்தான் படுத்தேன். என் பெர்மெஸ்ஸோவுக்காக, அதுதான் வதிவிட அனுமதிக்காக, குவெஸ்தூராப் பொலிஸ் வாசலில் விடியமுதல் வரிசையில் நின்றவர் அவர்தான். அதைப் பிறகு எல்லாக் கொண்டாட்டத்திலும் எல்லாருக்கும் முன்னால் சொல்லிக்காட்டியவரும் அவர்தான். நானும் மனைவியும் ஒரு வீட்டில் தங்கி வேலை செய்த ஆண்டுகளில் எங்கள் மகளைத் தன்னுடன் வைத்திருந்தார். கலியாணம் செய்யாத மனிதர், பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய், தலை பின்னி, காய்ச்சல் இரவுகளில் மடியில் கிடத்தி வளர்த்தார். அவருடைய நாக்குக்குத் தப்பிய ஒரே ஆள் அவள்தான். அதனால் அவள் எங்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டாள்: “மாமா ஓம் சொல்லவேணும் அப்பா. மாமா தாலியைத் தொட்டுக் குடுக்காட்டி எனக்குக் கலியாணமே வேண்டாம்.” மனைவிக்கும் அதே கதைதான். அண்ணன் ஓம் என்றால் ஓம்.

மகள் விரும்பியவன் மொரீசியஸ் தமிழன். தாயுடன் சிறுவயதில் இங்கே வந்தவன். வீட்டில் கிரியோல், வெளியே இத்தாலியன், தொழிலுக்குப் பிரெஞ்சு. தமிழ் எழுத்தை மொரீசியஸ் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தான். பேசும்போது பாடப்புத்தகம் வாசிப்பதுபோல இருக்கும், ஆனால் எல்லாம் விளங்கும். பிரான்சில் திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த ஒரு பகுதியில் சில பருவங்கள் வேலை செய்தான். வேலை என்றால், சுற்றுலா வருபவர்களைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் கல்லுப் பாதைகளில் சைக்கிளில் கூட்டிப்போவது. பிறகு பலெர்மோவுக்குத் திரும்பிவந்து, பிரெஞ்சுக்காரர்களை இங்கேயுள்ள தோட்டங்களுக்குக் கூட்டிப்போகத் தொடங்கினான். எங்கள் ஆட்கள் நேர்த்திக்கு ஏறும் புனிதை சாந்த ரொசாலியாவின் மலைக்கு நடந்து ஏறும்போது என் மகளைச் சந்தித்தானாம். எங்களில் பாதிப்பேருக்குப் பழக்கம் அந்த மலையில்தான் தொடங்குகிறது.

எனக்கு அவனைப் பிடித்திருந்தது. நேரத்துக்கு வருவான். சப்பாத்தை வாசலில் சோடியாக வைப்பான். மச்சானை முதன்முதல் கண்ட அன்று கும்பிட்டு, “மாமா” என்றான்.

“ஆருக்கு மாமா?” என்றார் மச்சான். “நான் இன்னும் ஒண்டுக்கும் ஓம் சொல்லேல்லை.”

அன்றிலிருந்து அவர் அவனை ‘மொரீசியஸ்’ என்றுதான் கூப்பிட்டார். அவன் அவரை ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமல் சமாளித்தான். அன்று அவன் போகிற நேரத்தில், விரதம் பிடிப்பாயா என்று மச்சான் கேட்டார். தைப்பூசத்துக்குப் பத்து நாள் இருந்து காவடி எடுப்போம் என்று அவன் சொன்னான்.

“தைப்பூசம் கிடக்கட்டும். சஷ்டி பிடி. ஆறாம் நாள் என்னோடை மலையிலை சைக்கிள் ஓடு. சைக்கிள்தானே உன்ரை தொழில்? பாப்பம், சாமி உனக்குக் காலிலை இருக்கோ வாயிலை இருக்கோ எண்டு.”

மச்சானிடமும் கல்லுப் பாதையில், கிறவலில், ஓடும் சைக்கிள் ஒன்று இருந்தது. அவர் வேலை செய்யும் வீட்டுப் பல் டொக்டர் மின்சாரச் சைக்கிள் வாங்கியதும் பழையதை இவருக்குக் கொடுத்துவிட்டார். வளைந்த பிடி, தடித்த டயர். கிறவலில் ஓடுவதற்கென்றே செய்தது என்று கேள்விப்பட்டு முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். “நாங்கள் ஊரிலை ஓடினது என்ன பளிங்கிலையோ? இவங்கள் காசைக் குடுத்துக் கிறவலுக்குப் போறாங்கள்.” அடுத்த மாதமே ஞாயிறு தவறாமல் போகத் தொடங்கினார். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் அந்தச் சைக்கிள் அவருக்குப் புதிய பெருமையாகிவிட்டது. இறுக்கமான காற்சட்டை வாங்கினார். வாட்ஸ்அப்பில் மலையுச்சிப் படங்கள் போட்டார். எனக்கு ஓட விருப்பமில்லை. மனைவிதான் போகச் சொன்னாள், அண்ணன் கோவக்காரன், நீங்களும் பக்கத்தில் நில்லுங்கோ என்று. மொரீசியஸ் பொடியன் தன்னிடம் இருந்த விருந்தினர் சைக்கிளை எனக்குத் தந்தான். இருக்கையின் உயரத்தை என் இடுப்புக்கு வைத்துப் பார்த்து இறுக்கினான்.

மச்சானும் பொடியனும் ஆறாம் நாள் விரதத்தோடு வர, மச்சானின் வானில் மூன்று சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு மொன்ரியாலே வழியாக உள்ளே போனோம். கம்போரியாலேக்கு இப்பால் ஒரு சந்தியில் வானை விட்டோம். பழம் பறித்து முடிந்து இரண்டு மாதமாகியிருந்தது. கொடிகளில் மிஞ்சிய இலைகள் மஞ்சளும் துருநிறமுமாக நின்றன. சரிவு சரிவாக நேர்வரிசைகள், கம்பிகள், கட்டைகள். தோட்டங்களுக்கு இடையே முந்தி மந்தை ஓட்டிய பாதைகள் வெள்ளைக் கல்லாகக் கிடந்தன. முதல் நாள் மழை பெய்திருந்தது. வானம் கழுவின மாதிரி இருந்தது. டயருக்கு அடியில் கல் நெரியும் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. அந்த முதல் ஒரு மணி நேரம் நன்றாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

மண் ஈரமாக இருப்பதால் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் நல்லது என்று பொடியன் சொன்னான். டூரிஸ்ட்டுக்குப் போய்ச் சொல்லு என்றுவிட்டு மச்சான் முன்னால் போனார். பொடியன் என்னோடு மெல்ல வந்தான். பிரான்சில் தோட்டங்களைச் சுற்றி இடுப்பளவு கல்மதில் இருக்கும் என்றான். மதிலுக்கு இந்தப் பக்கம் விளையும் பழத்துக்கும் அந்தப் பக்கம் விளையும் பழத்துக்கும் விலை வேறு, பெயர் வேறு. மண் ஒன்றுதான், மழை ஒன்றுதான், ஆனால் எந்த மதிலுக்குள் முளைத்தாய் என்பதுதான் கேள்வி என்று சொல்லிச் சிரித்தான். அங்கே ஒரு தோட்டக்காரன் இவனை மூன்று பருவமாக வாசலில் நிறுத்தியே தண்ணீர் கொடுத்தானாம். கூட வந்த விருந்தினர்கள் உள்ளே மேசையில் இருந்து குடித்தார்கள். கோபம் வரவில்லையா என்று கேட்டேன். வந்தது, வைத்திருக்கிறேன் என்றான். அவனுடைய தமிழ் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சிறிய ஊருக்குள் பாதை நுழைந்தது. வெதுப்பகத்தில் பாண் இறக்கும் நேரம். மச்சான் சைக்கிளை நேரே அதன் வாசலில் நிறுத்தினார். உள்ளே போய் எள்ளுப் போட்ட பாண் ஒன்றும் உருளைக்கிழங்குப் பொரியலும் வாங்கிவந்தார். கடதாசிக்கு வெளியே ஆவி பறந்தது.

“மச்சானுக்குச் சலரோகம், நேரத்துக்குச் சாப்பிடவேணும்,” என்று என்னைக் காட்டிப் பொடியனிடம் சொன்னார். “நீ காவிக்கொண்டு வா. சூடு ஆறாமல் நெஞ்சுக்குள்ளை வை.”

நான் காவுகிறேன் என்று கையை நீட்டினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். பொடியன் தன் மேற்சட்டையின் ஸிப்பைத் திறந்து பாணை நெஞ்சோடு வைத்து மூடினான். அடுத்த ஏற்றம் முழுக்க அவனுக்குப் பக்கத்தில் ஓடினார் மச்சான். மணக்குதோ, ஊரிலை தாய் இப்பிடி ஒண்டும் சுட்டுத் தரேல்லையோ என்று கேட்டுக்கொண்டே ஓடினார். ஏற்றம் முடிந்த இடத்தில் பாணை வாங்கிக்கொண்டு நான் ஒரு இடிந்த கட்டடத்துக்குப் பின்னால் போய் விரைவாகச் சாப்பிட்டேன். எல்லாவற்றையும் சாப்பிட்டேன். மிச்சம் வைத்தால் மறுபடியும் அவனைத்தான் காவச் சொல்வார் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தபோது கேள்விகள் தொடங்கியிருந்தன. மச்சான் பொதுவாகப் படபடவென்று கதைப்பவர். அன்று மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, தெளிவாகக் கதைத்தார். அவனுக்கு ஒரு சொல்லும் தவறக்கூடாது என்பதற்காக.

“உங்கடை ஆக்கள் எந்த ஊர்?”

“தெரியாது.”

“ஊர் தெரியாது. அப்ப என்ன ஆக்கள் எண்டும் தெரியாது.”

எங்கள் பக்கத்தில் ‘என்ன ஆக்கள்’ என்று கேட்டால் அது சாதிக் கேள்வி. யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கலாம் என்பது அந்தக் கேள்வியின் பதிலில்தான் இருக்கிறது. அது பொடியனுக்கும் தெரிந்திருந்தது. தன் பாட்டனுக்குப் பாட்டன் கரும்பு வெட்டக் கப்பலில் போனார் என்றும், காகிதத்தில் அவருக்கு ஒரு இலக்கம் மட்டும் இருக்கிறது என்றும் சொன்னான்.

பாதையோரத்தில் செம்மறிகள் மேய்ந்துகொண்டிருந்தன. காதுகளில் மஞ்சள் இலக்கத் தகடுகள். மச்சான் அவற்றைக் காட்டினார்.

“அங்கை பார். உன்ரை சொந்தக்காரர் மேயினம். போய்ச் சுகம் கேட்டுக்கொண்டு வா.”

“விடுங்கோ மச்சான்,” என்றேன்.

“நீ வாயை மூடிக்கொண்டு உழக்கு. உன்ரை மகள் ஆட்டுப்பட்டிக்குப் போகப் பாக்கிறாள், நீ விடுங்கோ எண்டுறாய்.”

பொடியன் செம்மறிகளைப் பார்த்தான். அவரைப் பார்க்கவில்லை. அவன் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அப்போது நான் அதைப் பொறுமை என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பாதை இறங்கி ஓடைப்பக்கம் போனது. அங்கே கல் இல்லை, சாம்பல் நிறக் களிமண். அந்த மண் பிடித்தால் விடாது. டயரில் அப்பி, சட்டத்துக்கும் சில்லுக்கும் இடையே நிறைந்து, சில்லு சுற்றாமல் நின்றுவிடும். தூக்கவும் முடியாத பாரமாகிவிடும். மூன்று பேரும் இறங்கித் தள்ளினோம். மச்சான் தன் சைக்கிளைச் சேற்றில் சாய்த்துவிட்டு, டூரிஸ்ட்டுக்குச் செய்கிறாய்தானே, இதையும் வழி என்றார். பொடியன் ஒரு திராட்சைக் குச்சியை முறித்து முழங்காலில் இருந்து வழித்தான். தன்னுடையதை அதற்குப் பிறகுதான் தொட்டான். மச்சான் அவனுக்கு மேலே நின்று, அந்த மூலையில் இருக்கு, இந்த மூலையில் இருக்கு என்று சப்பாத்து நுனியால் காட்டினார்.

ஓடையைக் கடந்ததும் செங்குத்தான ஏற்றம். மச்சான் முதலில் ஏறினார். பாதி வழியில் அவருடைய முன்சில்லு அங்குமிங்கும் ஆடத் தொடங்கியது. பிறகு காலை ஊன்றினார். இறங்கி இரண்டு அடி தள்ளினார். சைக்கிளை விட்டுவிட்டுத் தோட்ட வரிசையின் முனையில் ஈரமண்ணில் இருந்துவிட்டார். நான் கிட்டப் போனபோது உதடு வெளுத்து, நெற்றி முழுக்க வியர்வை. அந்த வியர்வை குளிர்ந்திருந்தது. தலைக்கவசத்தின் வாரைக் கழற்றப் பார்த்தார், விரல்கள் நடுங்கியதால் முடியவில்லை. சீனி இறங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்கு என் உடம்பிலிருந்தே தெரியும். வழக்கமாக என் சட்டைப்பையில் டொபி இருக்கும். அது வேலைக்குப் போகும் சட்டையில், வீட்டில் இருந்தது. பாண் என் வயிற்றில் இருந்தது.

பொடியனின் சைக்கிள் பிடியில் கட்டிய சிறு பையில் ஜெல் இருந்தது எனக்குத் தெரியும். விரல் நீளப் பைகளில் வரும் இனிப்புக் களி. விருந்தினர் யாராவது தளர்ந்தால் கொடுப்பதற்கென்று எப்போதும் வைத்திருப்பதாக விடிய வானில் சொல்லியிருந்தான். அதில் ஒன்றைத் தா தம்பி என்றேன். அவன் தண்ணீர்ப் போத்தலை எடுத்துவந்தான். விரதத்துக்குத் தண்ணீர் தடையில்லை என்று சொல்லி மச்சானின் வாயில் வைத்தான். மச்சான் குடித்தார். நடுக்கம் நிற்கவில்லை.

“தம்பி,” என்றார் மச்சான். அவனை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “அதிலை ஒண்டு தா.”

பொடியன் பையைத் திறந்து ஒன்றை எடுத்தான். மச்சானுக்கு முன்னால் குந்தினான். அவரைப்போலவே மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினான்.

“எங்கள் ஆட்கள் யார் என்று தெரியாதே, மாமா. எங்கள் கையால் வாங்கலாமா?”

மச்சான் கண்ணை மூடித் திறந்தார். “வாங்கலாம்.”

“ஆடு கொடுத்தாலும் வாங்குவீர்களா?”

நான் அவன் தோளைப் பிடித்தேன். அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. மச்சானின் பதிலுக்காகக் காத்திருந்தான். அவசரமே இல்லாமல் காத்திருந்தான்.

“ஓம்,” என்றார் மச்சான்.

அவன் பையின் முனையைக் கிழித்தான். மச்சானின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனான். அவர் கழுத்தை நீட்டி வாயைத் திறந்தார். அவன் பையைக் கவிழ்த்து, அவருடைய இரண்டு சப்பாத்துக்கும் இடையே களிமண்ணில் கடைசிச் சொட்டு வரை பிதுக்கிவிட்டான்.

“விரதத்தைக் காப்பாற்றிவிட்டேன், மாமா. நாளைக் காலையில் சாப்பிடுங்கள்.”

வெறும் பையை மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். தோட்டங்களில் குப்பை போடக்கூடாது என்பது அவர்கள் தொழிலில் கட்டாயம். மச்சானின் வலதுகை மெல்ல அந்தக் களி விழுந்த இடத்துக்குப் போனது. நான் அந்தக் கையைப் பிடித்து அவர் மடியில் வைத்தேன்.

அவனுடைய சைக்கிளுக்குப் போய்ப் பையைத் திறக்கப் பார்த்தேன். பொடியன் வந்து அதன் ஸிப்பின் மேல் தன் கையை வைத்தான். பலமாக வைக்கவில்லை. எடுக்கவும் இல்லை. கீழே ஒலிவ் பறிக்கிறார்கள், அவர்களிடம் கேளுங்கள் அங்கிள் என்று பணிவாகச் சொன்னான். அவனோடு இழுபடுவதைவிட அது விரைவு என்று பட்டது. ஓடினேன். ஒரு கணவனும் மனைவியும் மரத்துக்குக் கீழே வலை விரித்துப் பறித்துக்கொண்டிருந்தார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் சீனி போட்ட கோப்பிப் போத்தலையும் ஒரு சுருள் பிஸ்கெட்டையும் என் கையில் தந்தாள். திரும்பி ஏறிவந்தபோது பொடியன் மச்சானின் சைக்கிளில் மிஞ்சியிருந்த மண்ணைக் குச்சியால் வழித்துக்கொண்டிருந்தான். மச்சான் அதே இடத்தில் இருந்தார். பிஸ்கெட்டை மண்பிடித்த விரல்களால் எடுத்து, இரண்டு இரண்டாக வாயில் வைத்தார். கன்னத்தில் துகள் ஒட்டியிருந்தது. கோப்பியைக் குடிக்கும்போது பல்லு போத்தல் வாயில் அடித்த சத்தம் கேட்டது.

வானை எடுத்துவரப் பொடியன் போய்விட்டான். மச்சானுக்கு முகத்தில் நிறம் வரத் தொடங்கியது. தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்தார்.

“கலியாணத்தை வையுங்கோ,” என்றார்.

மயக்கத்தில் கதைக்கிறார் என்று நினைத்தேன். அவன் செய்ததைப் பார்த்தீர்கள்தானே என்று கேட்டேன்.

“பாத்தனான். எனக்கு முன்னாலைதானே நடந்தது.” துகளைத் துடைத்தார். “பல்லு இருக்கு அவனுக்கு. அவளுக்குப் பல்லு உள்ளவன்தான் வேணும். பல்லில்லாதவன்ரை பெண்சாதி இந்த ஊரிலை ஆற்றையோ வீட்டு நிலத்தைத் துடைச்சுத் துடைச்சே சாவாள்.”

என் மனைவி இருபது வருடத்துக்கு மேலாக நிலம் துடைக்கிறாள். அவள் அவருடைய தங்கை. அவர் அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவும் இல்லை, பார்க்காமல் தவிர்க்கவும் இல்லை. பிறகு ஒரே ஒரு விடயம் கேட்டார். விரதம் முறிந்தது வீட்டில் யாருக்கும் தெரியவேண்டாம். இத்தனை வருடத்தில் ஒரு சஷ்டியும் முறிந்ததில்லை.

திரும்பும்போது பொடியன் வானை ஓட்டினான். மச்சான் முன்னால் அவனுக்குப் பக்கத்தில் இருந்தார். பின்னால் இருந்த ஒற்றை இருக்கையில், சேறு சொட்டும் மூன்று சைக்கிள்களை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நான். மச்சான் சொன்ன செய்திக்கு அவன் ‘நன்றி மாமா’ என்று மட்டும் சொன்னான். பத்து நிமிடத்தில் இருவரும் கலியாணச் சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடற்கரையோடு ஒரு மண்டபம் இருக்கிறது, ஆனால் அங்கே மீன்மணம் போகாது, சைவச் சாப்பாட்டுக்கு ஒத்துவருமா என்று. பொடியன் ஏதோ சொல்ல மச்சான் தொடையில் தட்டிச் சிரித்தார். மொன்ரியாலே வளைவில் கீழே நகரமும் கடலும் தெரிந்தபோது, மெல்லப் போ தம்பி, பின்னாலை என்ரை மச்சான் சைக்கிளுக்குக் கீழை போயிடுவான் என்றார். அதற்கும் இருவரும் சிரித்தார்கள்.

வீட்டில் மனைவி அழுதாள், பிறகு எல்லாருக்கும் தொலைபேசி எடுத்தாள். முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கும் மகள் வேலை முடிந்து வந்ததும் மாமாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாமா களைத்துப்போனார், ஆறு நாள் விரதம்தானே என்றாள் மனைவி. மச்சான் தலையாட்டினார். நான் சைக்கிள் உடுப்பைத் தனியாக ஊறவைத்தேன். இரண்டு தரம் தண்ணீர் மாற்றியும் மண் போகவில்லை.

19ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. நாலரைக்கே எழும்பினேன். ஆறு நாள் விரதம் இருந்தவர்கள் ஏழாம் நாள் விடியச் சோறும் கறிகளும் சமைத்துச் சாப்பிட்டு விரதம் முடிப்பார்கள், பாறணை என்போம். மச்சானும் பொடியனும் ஆறு மணிக்கு வருவதாக இருந்தது. மகள் எனக்கு முந்தியே குளித்து, தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் முகம்கூடக் கழுவவில்லை. கதவைச் சாத்திவிட்டு முதல் வேலையாக அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாணிலிருந்து தொடங்கி ஒழுங்காகச் சொன்னேன். மச்சான் சொன்னவற்றையும் மறைக்கவில்லை, பொடியன் செய்ததையும் மறைக்கவில்லை. அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை.

“தெரியும் அப்பா. அவர் தான் செய்ததை நேற்றே சொல்லிட்டார்.”

“எல்லாமோ?”

“ஓம். ஆட்டுக் கதையும் சொன்னவர். மாமா பிஸ்கெட் சாப்பிட்டதும் தெரியும். நான் காட்டிக்கொள்ளமாட்டன். மாமாவுக்குத்தான் முதல் இலை போடுறது.”

சேற்றில் இருந்த மனிதனுக்கு அப்படிச் செய்தவன் ஒருநாள் உனக்கும் செய்வான் என்றேன். அவள் கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். கோபம் இல்லை. இல்லத்தில் வயதானவர்களுக்கு மருந்து கொடுக்கும்போது கதைக்கும் குரல் அது.

“மாமா உங்களை எல்லாருக்கும் முன்னாலை எவ்வளவு சொல்லியிருக்கிறார் அப்பா. நான் சின்னனிலை இருந்து பாத்துக்கொண்டுதான் இருந்தனான். ஒருநாளெண்டாலும் நீங்கள் திருப்பி ஏதும் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டே இருந்தனான்.” கத்தரிக்காய்த் துண்டுகளைச் சட்டியில் போட்டாள். “எனக்கு உங்களை மாதிரி ஒராள் வேண்டாம்.”

பிறகு, நேரமாகிறது, அரிசி இன்னும் போடவில்லை என்று பானையை என் பக்கம் தள்ளினாள். தண்ணீர் தெளியும்வரை அரிசியைக் களைந்து உலையில் போட்டேன்.